பிள்ளை வளர்வதை எழுதி வைப்பவர்கள்

மூன்று வயதுப் பையன் ஒருவன் மரக்கட்டைகளை அடுக்குகிறான். நான்காவது கட்டையில் கோபுரம் சரிகிறது. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் மாணவி தன் குறிப்பேட்டில் 'கோபப்பட்டான்' என்று எழுதினால், பேராசிரியை அதைச் சிவப்பு மையால் சுழித்துவிடுவார். கோபம் என்பது மாணவியின் யூகம். அவள் கண்ணால் கண்டது என்ன? இடது கையால் கட்டைகளைத் தள்ளினான், பக்கத்தில் இருந்த சிறுமியை ஒரு முறை திரும்பிப் பார்த்தான், பிறகு இருப்பதிலேயே பெரிய கட்டையை எடுத்து அடியில் வைத்தான். அதைத்தான் எழுத வேண்டும், மணியையும் நிமிடத்தையும் குறித்து. யூகம் இருந்தால் கடைசியில் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

மனித வளர்ச்சியும் குடும்பவியலும் என்ற படிப்பு, பெரும்பாலும் இப்படி ஒரு மழலையர் பள்ளியின் மூலையில்தான் தொடங்குகிறது. பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். நம் வீடுகளில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சில் தீர்ப்புதான் முந்திக்கொள்ளும். பிடிவாதக்காரன், அழுமூஞ்சி, அப்பனைப் போலவே முன்கோபி என்று இரண்டு வயதிலேயே முத்திரை விழுந்துவிடும். அந்த முத்திரையை எடுத்து வைத்துவிட்டுப் பிள்ளையைப் பார்க்கப் பழகுவதற்கே பல மாதங்கள் ஆகும். 'கோபப்பட்டான்' என்று எழுதியவள் ஒரு பெரிய விஷயத்தைத் தவறவிட்டிருப்பாள். பெரிய கட்டை அடியில் இருந்தால்தான் கோபுரம் நிற்கும் என்பதை அந்தப் பையன் அந்த நிமிடத்தில், யாரும் சொல்லித் தராமல், கண்டுபிடித்திருக்கிறான்.

இப்படி ஒரு படிப்பு இருப்பது பிளஸ் டூ முடித்த பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதை மனையியல் என்ற பெரிய குடைக்குள் வைத்து, 'சமையலும் தையலும்தானே, கல்யாணம் ஆகிற வரைக்கும் படிக்கட்டும்' என்று முடித்துவிடுகிறார்கள். இந்த அலட்சியத்துக்கு நாம் கொடுத்துவரும் விலை பெரியது. ஒரு மனிதர் கருவில் உருவாவது முதல் முதுமையில் தளர்வது வரை எப்படி மாறுகிறார், அந்த மாற்றத்தில் வீட்டுக்கும் தெருவுக்கும் அரசுக்கும் என்ன பங்கு என்பதை முறையாகப் படித்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் தேவைப்படும் இடங்களும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. இரண்டும் சந்திப்பதில்லை.

மனையியல் என்ற குடைக்கும் ஒரு கௌரவமான வரலாறு உண்டு. டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி 1932இல் தொடங்கியது. சென்னையில் 1940களிலேயே பெண்கள் கல்லூரிகளில் இது பட்டப் படிப்பாகிவிட்டது. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கோவையில் பெண்களுக்கான மனையியல் கல்லூரியை 1957இல் நிறுவினார். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய ராஜம்மாள் தேவதாஸ் அதைத் தன் வாழ்நாள் பணியாக எடுத்து வளர்த்தார். சத்துணவை ஆய்வுக்கூடத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோனவர்களில் அவர் முக்கியமானவர். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார்.

இன்னொரு கிளை பரோடாவில் விட்டது. 1949இல் தொடங்கிய மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை வரைந்த ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தவர் அவர். ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பல்கலைக்கழகம் ஒன்றில் மனையியலுக்குத் தனிப் புலம் அமைத்து, அதற்குள் குழந்தை வளர்ச்சிக்கு ஒரு துறையையும், துறையோடு ஒட்டி ஒரு மழலையர் பள்ளியையும் அந்தத் தலைமுறையினர் உருவாக்கினார்கள். இன்று அந்தத் துறையின் பெயரே மனித வளர்ச்சி மற்றும் குடும்பவியல் துறைதான்.

ஆனால் இந்தப் படிப்பின் ஆணிவேரைத் தேடினால் அமெரிக்காவின் சோள வயல்களுக்குப் போக வேண்டும். அயோவா மாநிலத்தில் கோரா பஸ்ஸி ஹில்லிஸ் என்றொரு பெண்மணி இருந்தார். குழந்தைகளைப் பறிகொடுத்த தாய். அவர் கேட்ட கேள்வி நேரடியானது. பன்றியையும் சோளத்தையும் நன்றாக வளர்ப்பது எப்படி என்று ஆராய அரசு பணம் தருகிறது, குழந்தையை ஆராய ஏன் தருவதில்லை? பல ஆண்டுகள் சட்டமன்றத்தின் படியேறி இறங்கினார். 1917இல் அயோவா பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் நல ஆய்வு நிலையம் அமைந்தது. நோய்வாய்ப்பட்ட குழந்தையைப் பார்க்க மருத்துவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். சாதாரணக் குழந்தை எப்படி வளர்கிறது என்று பார்ப்பதே இந்த நிலையத்தின் வேலை.

அந்த நிலையத்தோடு தொடர்புடைய ஒரு கதையை இந்தத் துறையில் படித்தவர்கள் மறப்பதில்லை. 1930களின் நடுப்பகுதி. டேவன்போர்ட் நகரின் அநாதை இல்லத்தில் 2 பெண் குழந்தைகள். ஒருத்திக்கு 13 மாதம், இன்னொருத்திக்கு 16 மாதம். சரியாக உட்கார முடியாது, எதையும் கவனிக்காது, ஆடிக்கொண்டும் அழுதுகொண்டும் கிடந்தன. உளவியலாளர் ஹரால்ட் ஸ்கீல்ஸ் சோதித்தபோது வளர்ச்சி மதிப்பெண் 46, 35 என்று வந்தது. வயதுக்கேற்ற வளர்ச்சி என்றால் அது 100ஐ ஒட்டி இருக்க வேண்டும். இனி தேறாது என்று முடிவுகட்டி, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான அரசு விடுதிக்கு இரண்டையும் அனுப்பிவிட்டார்கள். அங்கே அவை விடப்பட்டது வளர்ந்த பெண்களின் வார்டில். உடலால் வளர்ந்திருந்தாலும் மனதால் 5 முதல் 9 வயதில் நின்றுவிட்ட பெண்கள் அவர்கள்.

ஆறு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த விடுதிக்குப் போன ஸ்கீல்ஸ், சிரித்துக்கொண்டு ஓடியாடும் 2 குழந்தைகளைப் பார்த்தார். அதே குழந்தைகள்! தன் கண்ணையே நம்பாமல் மறுபடி சோதித்தார்: 77, 87. மூன்றரை வயதுவாக்கில் 95, 93. மருந்து இல்லை, சிகிச்சை இல்லை. அந்த வார்டின் பெண்கள் ஆளுக்கு ஆள் அந்தக் குழந்தைகளைத் தூக்கினார்கள், பேசினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள். அநாதை இல்லத்தில் வேளாவேளைக்குப் பாலும் மாற்றுத் துணியும் கிடைத்தன. தன் முகத்தைப் பார்த்துச் சிரிக்க ஓர் ஆள் கிடைக்கவில்லை.

ஸ்கீல்ஸ் துணிந்து அதையே வழியாகப் பிடித்தார். மொத்தம் 13 குழந்தைகள் அப்படி 'விருந்தாளிகளாக' விடுதிக்கு அனுப்பப்பட்டன. அநாதை இல்லத்திலேயே தங்கிய 12 குழந்தைகளின் பதிவுகளோடு அவர்களை ஒப்பிட்டார். தொடக்கத்தில் அந்த 12 பேர்தான் மேலான நிலையில் இருந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லாம் தலைகீழானது. விடுதிக்குப் போனவர்களின் சராசரி சுமார் 28 புள்ளி ஏறியது, தங்கியவர்களின் சராசரி சுமார் 26 புள்ளி இறங்கியது. அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிடுகிறது என்று நம்பிய பெரிய உளவியலாளர்கள், லூயிஸ் டெர்மன் உட்பட, இந்த ஆய்வைக் கடுமையாகத் தாக்கினார்கள். போர் வந்தது, ஆய்வு நின்றது. ஸ்கீல்ஸ் பல ஆண்டுகள் கழித்து அந்த 25 பேரையும் தேடிப் போனார். 1966இல் வெளியான அறிக்கையில் 13 பேரும் சொந்தக் காலில் நின்றிருந்தார்கள், அவர்களில் 11 பேரைச் சிறு வயதிலேயே குடும்பங்கள் தத்தெடுத்திருந்தன. பாதிப் பேருக்கு மேல் பள்ளி இறுதியை எட்டியிருந்தார்கள். தங்கிவிட்டவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. சிலர் அப்போதும் விடுதிச் சுவர்களுக்குள்ளேயே இருந்தார்கள்.

25 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை. குறை சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆய்வுகள் அதே திசையைக் காட்டியதால்தான் இந்தக் கதை இன்றும் பாடமாக நிற்கிறது.

இந்தத் துறை செய்த பிழையும் பாடத்தில் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மனையியல் மாணவிகள் 1919 முதல் அநாதைக் குழந்தைகளை இல்லங்களிலிருந்து வாங்கிவந்து 'பயிற்சிக் குழந்தை'யாக வளர்த்தார்கள். மாணவிகள் முறைவைத்துத் தாயாக இருப்பார்கள். படிப்பு முடிந்ததும் குழந்தை தத்துக்குப் போய்விடும். முதல் குழந்தைக்கு டிக்கி டொமெகான் என்று பெயர் வைத்தார்கள், டொமெகான் என்பது 'டொமெஸ்டிக் எகானமி' என்பதன் சுருக்கம். அறிவியல் முறைப்படி வளர்ந்த குழந்தை என்பதால் தத்தெடுக்கப் போட்டி இருந்ததாம். பத்துக் கை மாறி வளர்ந்த குழந்தைக்கு யார் முகம் தாய் முகம் என்ற கேள்வி அன்று பலருக்கு எழவில்லை. ஆய்வாளர்கள் ஜான் பௌல்பியும் மேரி எயின்ஸ்வொர்த்தும் தாய்-சேய்ப் பிணைப்பைப் பற்றி எழுதிய பிறகு அது எழாமல் இருக்க முடியவில்லை. எயின்ஸ்வொர்த் அந்த ஆய்வைத் தொடங்கியது உகாண்டாவின் கிராமங்களில், தாய்மாரின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பார்த்து என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மழலையர் பள்ளி மூலையில் மாணவி செய்யும் வேலையின் பெரிய வடிவம்தான் அது.

இனி நம் ஊர்க் குழந்தை. குழந்தை எந்த மாதம் தலை நிற்க வேண்டும், எந்த மாதம் உட்கார வேண்டும், எப்போது இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேச வேண்டும் என்று மருத்துவமனைகளில் பார்க்கிறார்களே, அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? நெடுங்காலம் அமெரிக்கக் குழந்தைகளை அளந்து செய்த அளவுகோலை வைத்துத்தான் இங்கே அளந்தார்கள். பரோடாவில் பிரமிளா பாடக் தலைமையில் இந்தியக் குழந்தைகளை மாதம் மாதமாகச் சோதித்து, நமக்கென ஓர் அளவுகோல் செய்தார்கள். பிறந்தது முதல் 30 மாதம் வரைக்குமானது. உடலசைவுக்கு 67 செயல்கள், மனவளர்ச்சிக்கு 163 செயல்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளைக் கண்டறியும் இந்திய மையங்களில் இன்றும் இது பயன்படுகிறது. அதன் அடித்தளத்திலிருந்தே திருவனந்தபுரத்தில் எம். கே. சி. நாயர் குழுவினர் 17 செயல்கள் கொண்ட ஒரு பக்க அட்டவணை செய்தார்கள். ஒரு சாவிக்கொத்தும் ஒரு பென்சிலும் இருந்தால் அங்கன்வாடிப் பணியாளர் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஒரு பல்கலைக்கழகத் துறை ஒரு நாட்டுக்குச் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளதாக எனக்கு அதிகம் தெரியவில்லை. அந்தத் துறையைத்தான் 'சமையல் படிப்பு' என்கிறோம்.

குடும்பவியல் பகுதி வேறு விதமாக நம்மை உலுக்கும். 'அந்தக் காலத்தில் எல்லாரும் கூட்டுக் குடும்பம், இப்போதுதான் எல்லாம் உடைந்துபோச்சு' என்று மேடைக்கு மேடை கேட்கிறோம். குஜராத்தின் பழைய ஆவணங்களையும் வீட்டுக் கணக்குகளையும் பார்த்த சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973இல் வெளியிட்ட நூலில் இந்த நம்பிக்கையைக் கேள்விக்குள்ளாக்கினார். சிறு குடும்பங்கள் முன்பும் ஏராளம். தாத்தா பாட்டி சீக்கிரம் இறந்துபோன காலத்தில் மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழ எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கும்? மானுடவியலாளர் ஐராவதி கார்வே 1953இல் எழுதிய உறவுமுறை நூலில், வடக்கே மருமகள் முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைகிறாள், தெற்கே மாமன் வீட்டுக்கோ அத்தை வீட்டுக்கோ போகிறாள் என்ற வேறுபாட்டை விரித்துக் காட்டினார். மாமியார் ஏற்கெனவே அத்தையாக இருந்த வீட்டில் பிள்ளை வளர்வதும், அந்நியமான வீட்டில் வளர்வதும் ஒன்றா? இதைக் கேட்கத் தெரிந்த மாணவிதான் நாளை ஒரு குடும்ப நல ஆலோசகராக உட்காரும்போது, எதிரே இருக்கும் பெண்ணின் கதையைச் சரியாகக் கேட்பாள்.

மார்கரெட் ட்ராவிக் என்ற மானுடவியலாளர் தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு குடும்பத்தோடு தங்கி எழுதிய நூல் 1990இல் வந்தது. தாய் தன் பிள்ளையை மற்றவர் முன்னால் கொஞ்சாமல், அன்பை அடக்கி வைப்பதை அவர் வியந்து பதிவு செய்திருக்கிறார். தாய்க் கண்ணே பிள்ளைக்குப் பட்டுவிடும் என்ற பயம் நமக்குப் புதிதல்ல. மேற்கத்தியப் பாடநூலை மட்டும் படித்தவர் அந்தத் தாயை 'உணர்ச்சி காட்டாதவர்' என்று எழுதிவிடுவார். அதனால்தான் இந்தப் படிப்பு தமிழ்நாட்டில், தமிழ் வீடுகளைப் பார்த்து, தமிழிலும் நடக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாடநூல்களில் பெரும்பாலானவை இன்றும் ஆங்கிலத்தில், அயல்நாட்டு உதாரணங்களோடுதான் இருக்கின்றன.

இனி அரசின் பக்கம். 1972இல் பள்ளிக்கு முந்தைய வயதுக் குழந்தைகளின் வளர்ச்சி குறித்து ஓர் ஆய்வுக் குழு மத்திய அரசுக்கு அறிக்கை தந்தது. அதன் தலைவர் மீனா சுவாமிநாதன். 'வாசவேச்வரம்' எழுதிய கிருத்திகாவின் மகள், வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதனின் துணைவியார். சாப்பாடு, தடுப்பூசி, விளையாட்டு வழிக் கல்வி எல்லாம் ஒரு குழந்தைக்குத் தனித்தனித் துறைகளிலிருந்து வரக் கூடாது, ஒரே இடத்தில் சேர்ந்து வர வேண்டும் என்ற சிந்தனைக்கு அந்த அறிக்கை வலுவூட்டியது. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54,000க்கு மேல் அங்கன்வாடி மையங்கள்.

நம் அங்கன்வாடிகளில் சத்துணவுப் பகுதி வேரூன்றிவிட்டது. மாவு, முட்டை, எடை, உயரம் எல்லாவற்றுக்கும் பதிவேடு உண்டு. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்று முன்பருவக் கல்விக்கு அழகான பாடத்திட்டமும் உண்டு. ஆனால் பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்த ஒரு பெண்மணி, ஆறு விதமான பணிகளைச் செய்துகொண்டு, வீடு வீடாகக் கணக்கெடுப்புக்கும் போய்விட்டு வந்து, 20 குழந்தைகளோடு ஆடிப்பாட வேண்டும் என்றால் எப்படி முடியும்? அவரைக் குறை சொல்வது அநியாயம். குழந்தை வளர்ச்சியைப் படித்த ஒருவர் அவருக்குத் துணையாக நிற்காததுதான் குறை.

2019இல் அரசுப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. நல்ல முடிவு. பாடம் நடத்த உபரியாக இருந்த தொடக்கப்பள்ளி ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். பலர் அதைப் பதவி இறக்கமாகவே எடுத்துக்கொண்டார்கள், வழக்குகூட நடந்தது. சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது கீழான வேலை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக இருக்கிறது பாருங்கள். நான்கு வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பதையே நான்கைந்து ஆண்டுகள் படித்த பட்டதாரிகள் அதே மாவட்டங்களில் வேலை தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த வேலைக்கு யார் பொருத்தம் என்று கேட்டபோது அவர்கள் பெயர் யார் நினைவுக்கும் முதலில் வரவில்லை.

படித்து முடித்தவர்கள் எங்கே போகிறார்கள்? தனியார் மழலையர் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், பள்ளி ஆலோசகர் பணி, அலுவலகக் குழந்தைக் காப்பகங்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்பதால் அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. ஆய்வில் ஆர்வம் உள்ளவர்கள் மனையியல் பாடத்தில் நெட் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியராகப் போகலாம். ஒரு பெரிய தடை உண்டு, சேரும் முன்பே அதைத் தெரிந்துகொள்வது நல்லது. சிறப்புக் கல்வியாளராகவோ மருத்துவ உளவியலாளராகவோ பணியாற்ற 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு வேண்டும், அதற்குரிய தனிப் படிப்பும் வேண்டும். மனித வளர்ச்சி படித்தவருக்கென அப்படி ஒரு பதிவும் இல்லை, குழுமமும் இல்லை. இவர்கள் துறை செய்த அளவுகோலை மருத்துவமனையில் வேறொருவர் பயன்படுத்தி, வேறொருவர் கையெழுத்திடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு ஏறக்குறைய முழுக்கப் பெண்கள் கல்லூரிகளில்தான் இருக்கிறது. பெண்களுக்குக் கதவு திறந்ததில் அந்தக் கல்லூரிகளின் பங்கு மகத்தானது. ஆனால் பிள்ளை வளர்ப்பு, மணவாழ்க்கை, வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பெண்களுக்கான பாடம் என்று பல்கலைக்கழகமே முத்திரை குத்தியதுபோல் அது ஆகிவிட்டது. குழந்தையைக் குளிப்பாட்டத் தெரிந்த அப்பாக்கள் இப்போது நிறையப் பேர். அவர்களுடைய பிள்ளைகளை ஆய்வு செய்ய ஆண் மாணவர்களும் குறிப்பேட்டோடு அந்த மூலையில் உட்கார வேண்டும். பரோடா போன்ற இருபாலர் பல்கலைக்கழகங்களில் கதவாவது திறந்திருக்கிறது.

முதுமை இந்தப் படிப்பின் அடுத்த பெரிய களம். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10 விழுக்காட்டுக்கு மேல். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள் என்கிறது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. ஒரே மகள், அவள் வேலை பெங்களூரில், பெற்றோர் திருச்சியில் என்ற குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டதா, வெறும் தனிமையா என்று போனில் எப்படிக் கண்டுபிடிப்பது? குழந்தையை யூகமில்லாமல் பார்க்கக் கற்றவர்கள் முதியவரையும் அப்படிப் பார்க்கக் கற்றவர்கள். இங்கே அவர்களுக்கான பணியிடம் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லை.

தமிழ்நாட்டில் குழந்தை வளர்ச்சித் திட்ட வட்டாரங்கள் 434. வட்டாரத்துக்கு ஒருவர், மனித வளர்ச்சி படித்தவர், குழந்தைகளின் வளர்ச்சிக்கு மட்டுமே பொறுப்பாளர் என்று அரசு ஒரு பணியிடம் உருவாக்கினால் தேவைப்படுவோர் 434 பேர்தான். முட்டைக் கணக்கும் கட்டடப் பராமரிப்பும் அவர் தலையில் விழக் கூடாது. வாரம் நான்கு மையங்களுக்குப் போய், அந்த 17 செயல் அட்டவணையை வைத்து இரண்டு வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தையையும் பார்க்கட்டும். பேச்சு வராத பிள்ளையின் அம்மாவிடம் 'வந்துரும், இவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று சொல்லி அனுப்பாமல், அந்த மாதமே மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அழைத்துப் போகட்டும். அங்கன்வாடி அக்காவோடு தரையில் உட்கார்ந்து, கட்டை சரிந்ததும் பையன் என்ன செய்தான் என்பதை அவரும் எழுதப் பழக்கட்டும்.